இழுக்கும்போதா, விடும்போதா? – ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

7 ஆண்டுகளாக என் தொண்டையில் இருந்த வலிக்கும், மூச்சை இழுக்கும் நேரத்தில் கழுத்து உள்ளுக்குள்ளேயே இறுகிக்கொள்ளும் திணறலுக்கும் சென்ற ஆண்டுதான் ஒரு பெயர் கிடைத்தது. அந்தப் பெயர் கிடைக்கக் காரணமானவர்களில் சிலருக்கு நான் யாரென்றே நினைவிருக்காது. வேறு சிலரிடம் நேரில் நன்றி சொல்லப் போய், சொல்ல வராமல் திரும்பியிருக்கிறேன். ஆகவே எழுத்தில் சொல்கிறேன்.

முதல் ஆண்டிலேயே ஆஸ்துமா என்று முடிவாகிவிட்டது. இன்ஹேலர் கொடுத்தார்கள்; அது கேட்காதபோது அளவைக் கூட்டினார்கள்; பிறகு ஸ்டீராய்டு மாத்திரை; அதன் பிறகு, வயிற்று அமிலம் மேலேறுகிறது என்று அதற்கும் மருந்து. நெஞ்சு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, கழுத்து ஸ்கேன் எல்லாவற்றிலும் ‘நார்மல்’ என்றே வந்தது. வலியோடு உள்ளே போய் வலியோடு வெளியே வருகிறவருக்கு அந்தச் சொல் ஆறுதல் தருவதில்லை, குற்றம் சாட்டுவதுபோல் ஒலிக்கிறது. எல்லாம் மனப்பிரமை என்று சொன்ன மருத்துவரும் உண்டு. அவரைப் பற்றி இங்கு மேலும் எழுதப்போவதில்லை.

எங்கள் குடும்ப மருத்துவருக்கு முதல் நன்றி. ஐயா, பழைய சீட்டுகளை எல்லாம் ஒரு மணிநேரம் படித்துவிட்டு, “எனக்கு இது புரியவில்லை, புரியும்வரை மருந்தைக் கூட்டப்போவதில்லை” என்றீர்கள். தெரியவில்லை என்று ஒரு மருத்துவர் வாயால் கேட்டது எனக்கு அதுவே முதல்முறை. பழைய அறிக்கையை நம்பாமல், மூச்சின் அளவையும் வேகத்தையும் அளக்கும் ஸ்பைரோமெட்ரி பரிசோதனையை மறுபடி எடுக்க எழுதிக் கொடுத்ததும் நீங்கள்தான்.

அக்காவுக்குக் கடிதம் எழுதினால் சிரிப்பாள். ஆனாலும், எனக்குத் திணறல் வந்த ஒவ்வொரு முறையும் தேதி, நேரம், அப்போது நான் செய்துகொண்டிருந்த வேலை, எத்தனை நிமிடத்தில் தணிந்தது என்று ஒரு கோடு போட்ட நோட்டில் அவள் குறித்து வைத்திராவிட்டால் யாரிடமும் எதையும் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. மாடிப்படி, பலத்த சிரிப்பு, வாசனைத் திரவியம் ஆகியவை திரும்பத் திரும்ப வந்தன. தூக்கத்தில் ஒருமுறைகூட வரவில்லை. இன்ஹேலர் எடுத்த நாளுக்கும் எடுக்காத நாளுக்கும் வேறுபாடே இல்லை. ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்க விரலில் மாட்டும் கருவி, நான் தவித்த நேரத்திலும் 98 சதவீதம் என்றே காட்டியதையும் அவள்தான் கோடிட்டு வைத்திருந்தாள்.

ஸ்பைரோமெட்ரி எடுத்த அந்த இளம் பெண்ணுக்கு என்ன சொல்வது? மூக்கில் கிளிப், வாயில் குழாய், “ஊதுங்க, ஊதுங்க, இன்னும் ஊதுங்க” என்பதோடு முடிந்துவிடும் பரிசோதனை என்றே நினைத்திருந்தேன். நீங்கள் திரையைப் பார்த்துவிட்டு, “கஷ்டம் மூச்சை இழுக்கும்போதா, விடும்போதா?” என்று கேட்டீர்கள். 7 ஆண்டுகளில் யாரும் கேட்காத கேள்வி அது. “இழுக்கும்போது, இங்கே” என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். ஆஸ்துமாவில் நுரையீரலின் சிறு காற்றுக்குழாய்கள் சுருங்குவதால் பெரும்பாலும் மூச்சை விடுவதே கடினம் என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் மேலும் 3 முறை உள்ளிழுக்கச் சொன்னீர்கள். திரையில் உள்மூச்சைக் காட்டும், கிண்ணம்போல் வளைய வேண்டிய கீழ்க்கோடு தட்டையாகவே வந்தது. நோயைச் சொல்வது உங்கள் வேலை அல்ல என்பதால் ஒன்றும் சொல்லாமல், அறிக்கையின் ஓரத்தில் ‘உள்மூச்சு வளைவைப் பார்க்கவும்’ என்று பென்சிலால் எழுதி அனுப்பினீர்கள்.

காது மூக்கு தொண்டை மருத்துவர் அம்மாவுக்கு: இதற்கு முன்பு 2 முறை எனக்கு எண்டோஸ்கோப்பி செய்திருந்தார்கள், நான் அமைதியாக உட்கார்ந்திருந்தபோது. நீங்களோ என்னைப் படியேறி இறங்கவைத்து, திணறல் தொடங்கியதும் மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, திரையை என் பக்கம் திருப்பினீர்கள். மூச்சை இழுக்கும்போது விலகித் திறக்க வேண்டிய குரல்நாண்கள் ஒன்றையொன்று நெருங்கி, பின்புறம் சிறு இடுக்கை மட்டும் விட்டு மூடுவதை என் கண்ணால் பார்த்தேன். 1854-இல் மானுவல் கார்சியா என்ற இசை ஆசிரியர் பல் மருத்துவரின் கண்ணாடியையும் வெயிலையும் வைத்துத் தம் குரல்நாண்களையே பார்த்தார் என்று பிற்பாடு படித்தபோது, அவருக்கு இருந்த வியப்பில் கொஞ்சம் எனக்கும் இருந்திருக்கும் என்று தோன்றியது. வோக்கல் கார்டு டிஸ்ஃபங்ஷன், அதாவது குரல்நாண் இயக்கக் கோளாறு என்றீர்கள். ஆஸ்துமாபோல் தோற்றம் காட்டும் நோய் என்று 1983-லேயே மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டிருக்கிறது. குரல்வளையின் இருபுறமும் நீங்கள் அழுத்தியதும் என் பழைய வலி அப்படியே எழுந்தது. ஆண்டுக்கணக்கில் இறுகிக் கிடந்த தசைகளின் வலி அது என்று விளக்கினீர்கள்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரு மன்னிப்பும் பாக்கி இருக்கிறது. இத்தனை மாத்திரைக்கு அடங்காதது மூச்சுப் பயிற்சிக்கா அடங்கும் என்ற அவநம்பிக்கையோடுதான் வந்தேன். “நீங்கள் நடிக்கவில்லை. குரல்நாண் தவறாகப் பழகிவிட்டது, வேறுவிதமாகப் பழக்கலாம்” என்றீர்கள். மூக்கால் மோந்து பார்ப்பதுபோல் சுருக்கமாக இழுத்து, உதட்டைக் குவித்து நீளமாக விடும் அந்த எளிய பயிற்சியையும், கழுத்துத் தசையை விரலால் தளர்த்தும் முறையையும் வாரக்கணக்கில் சலிக்காமல் கற்றுத் தந்தீர்கள். ஸ்டீராய்டை நானாக நிறுத்தாமல், குடும்ப மருத்துவரின் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைத்துவிட்டோம். திணறல் இன்னும் எப்போதாவது வருகிறது. வந்தால் இரண்டு நிமிடத்தில் போய்விடுகிறது. வலி, பேசிக் களைத்த நாட்களில் மட்டும்.

6 மாதம் கழித்து ஸ்பைரோமெட்ரி மறுபடி எடுத்தபோது அந்த இளம் பெண் அங்கே இல்லை, வேறிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சகோதரி, இம்முறை கீழ்க்கோடு நன்றாக வளைந்திருக்கிறது. என்றாவது பார்த்தால் உங்களிடம் காட்ட வேண்டுமென்று, உங்கள் பென்சில் குறிப்பு இருக்கும் பழைய தாளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் நோயாளி