வியங்கோளில் ஒரு வரைபடம்

அன்புள்ள சங்கர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் எழுதாமல் இருந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. பாஸ்கர் அப்படியேதான் இருக்கிறான்.

உன்னிடம் சொல்லியே ஆகவேண்டியது வேறு. மகள் உயர்நிலை மூன்றில் புவியியல் எடுத்திருக்கிறாள். வரைபடத்தில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சரிவு என்று மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். வரைபடத் தாளைக் கையில் கொடுத்து ‘இதில் மலை எங்கே?’ என்றால் விழிக்கிறாள். எழுத்துத் தெரியும், படிக்கத் தெரியாது. இது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

அவளுக்காகத்தான், 1822இல் லெஃப்டினண்ட் ஜாக்சன் போட்ட சிங்கப்பூர் நகரத் திட்டத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ அவசியம் பார்க்கவேண்டும்! ஆற்றின் மேற்பக்கம் நம்மவர்களுக்கென்று ‘சூலியா கம்பம்’ என்ற குடியிருப்பை ஒதுக்கியிருக்கிறார்கள். தெருக்கள் ஸ்கேல் வைத்துக் கிழித்த மாதிரி ஓடுகின்றன. அன்றைக்கு அங்கே சதுப்பும் மேடும் காடும்தான். மகள் கேட்டாள்: “அப்பா, இதை வரைந்தவர் அங்கே போய்ப் பார்த்தாரா?” எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது இருந்த ஊர் இல்லை, சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ் விரும்பிய ஊர். ‘இருக்கிறது’ என்று அந்தப் படம் சொல்லவில்லை, ‘இருக்கக் கடவது’ என்கிறது. நம் தமிழாசிரியர் பார்த்திருந்தால் ‘இப்படி ஆகட்டும்’ என்று சொல்லும் வியங்கோள் வினை என்றிருப்பார். நம்மவர்கள் என்னவோ சூலியா ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பக்கமும் பிறகு லிட்டில் இந்தியா எனும் தேக்காவிலும்தான் பெருகினார்கள்.

இங்கே எம்ஆர்டி ரயில் வரைபடத்தை எடுத்துக்கொள். தூரம் பற்றி அது பேசுவதே இல்லை. எதற்கு அடுத்து எது, எங்கே மாறவேண்டும், அவ்வளவுதான். பென்கூலன் நிலையம் நீலக் கோட்டில், பிராஸ் பாசா மஞ்சள் கோட்டில். மேலே தெருவில் ஒன்றிலிருந்து மற்றதற்குச் சில நிமிடத்தில் நடந்துவிடலாம். படம் பொய் சொல்லவில்லை, அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இதைத்தான் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தருவதில்லை, சங்கர். குறிகளை மனப்பாடம் செய்யவைக்கிறார்கள். யார் பேசுகிறார், யாரிடம், எதை விட்டுவிட்டார் என்று கேட்கப் பழக்குவதில்லை.

நீ டிசம்பரில் ஈப்போவிலிருந்து வருகிறாய் அல்லவா? ஜாக்சன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெலுக் ஆயர் ஸ்திரீட்டில் நடப்போம். அன்றைய கரை அதுதான்; அந்தத் தெருவிலுள்ள நாகூர் தர்கா கட்டியபோது எதிரே கடல். மகளும் வருவாள். நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. பாதி வழியில் காப்பிக் கடையில் உட்கார விடமாட்டேன்.

அன்புடன்,
ரவி