கிளார்க்ஸ்டேலில் தியேட்டர் இல்லை

சிகாகோ

அன்புள்ள மல்லிகா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. சொட்டு மருந்தை மட்டும் வேளை தவறாமல் விடு. "போதும்டி" என்பார், கேட்காதே. இங்கே எல்லோரும் சுகம். பெரியவன் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டான், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

"இப்போதெல்லாம் ஹாலிவுட் படங்களில் கறுப்பின நடிகர்கள் நிறைய வருகிறார்களே, இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருந்தாய். இந்த ஊரில் இத்தனை வருஷம் இருந்துவிட்டு அதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

திரையில் தலை காட்டினால் போதுமென்றால் 1939-லேயே குறை தீர்ந்திருக்க வேண்டும். 'கான் வித் தி விண்ட்' படத்தில் பணிப்பெண்ணாக நடித்த ஹேட்டி மெக்டேனியல் அடுத்த வருஷம் ஆஸ்கர் வாங்கினார். கறுப்பினத்தவர் ஒருவர் வாங்கிய முதல் ஆஸ்கர் அதுதான். ஆனால் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவரால் போக முடியவில்லை, அங்கே இனப் பாகுபாட்டுச் சட்டம். விருது விழாவிலும் அவருக்குத் தனி மேஜை.

அதற்கு இருபது வருஷம் முன்பே ஆஸ்கர் மிஷோ என்ற கறுப்பினத்தவர் தன் மக்களுக்காகத் தானே படம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தெற்கு டகோட்டாவில் விவசாயம் பார்த்தவர், தான் எழுதிய நாவலை வீடு வீடாகப் போய் விற்றவர். 1920-இல் வந்த அவருடைய 'வித்தின் அவர் கேட்ஸ்' கறுப்பினத்தவரை வெள்ளையர்கள் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் கொடுமையைக் காட்டியது. இந்தச் சிகாகோவிலேயே தணிக்கைக்காரர்கள் அனுமதி தரத் தயங்கினார்கள். பிறகு படமே காணாமல் போய், பல பத்தாண்டுகள் கழித்து ஒரு பிரதி ஸ்பெயினில் கிடைத்தது.

என்னைக் கேட்டால், நீ முதலில் பார்க்க வேண்டியது கறுப்பின இயக்குநர் சார்லஸ் பர்னெட்டின் 'கில்லர் ஆஃப் ஷீப்'. 1970-களில் லாஸ் ஏஞ்சல்ஸில் வாட்ஸ் பகுதியில், மாணவராக இருந்தபோது வார இறுதிகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். நாயகன் ஆட்டுத்தொட்டியில் வேலை செய்பவன். அவனும் நண்பனும் காசு சேர்த்து ஒரு பழைய கார் எஞ்சினை வாங்கி, மூச்சு வாங்க மாடிப்படியில் இறக்கி, வண்டியின் விளிம்பில் வைக்கிறார்கள். வண்டி நகர்ந்ததும் எஞ்சின் சாலையில் விழுந்து வீணாகிறது. அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். அதில் வில்லன் இல்லை, வெள்ளைக்கார ரட்சகரும் இல்லை. கையிலிருந்த காசு ஒரு நொடியில் போகிறது, அவ்வளவுதான். அந்தத் தெருவில் வாழ்ந்தவனுக்குத்தான் அதை இப்படி எடுக்கத் தெரியும். பாட்டுகளுக்கு உரிமை வாங்க முடியாமல் 2007 வரை தியேட்டருக்கே வராமல் கிடந்தது என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர், மிசிசிப்பியிலிருந்து வந்த குடும்பம். படத்தில் ஒரு கறுப்பினப் பெண் தலையில் துணி எதுவும் கட்டாமல் படுக்கப் போனால் உடனே, "இதை எழுதியவருக்கு எங்கள் வீட்டைத் தெரியாது" என்பார். சுருள்முடியைப் பட்டுத்துணியில் பொதிந்துகொண்டு தூங்குவது அவர்கள் வீட்டில் பாட்டி காலத்துப் பழக்கமாம். பெருமைப்படுத்தச் சொல்லி அவர் கேட்கவில்லை. தெரிந்தவர் எழுதட்டும், தெரிந்தவர் கையில் கேமரா இருக்கட்டும் என்கிறார். எனக்கும் அதுதான் நியாயமாகப் படுகிறது.

போன வருஷம், 2025-இல், கறுப்பின இயக்குநர் ரையன் கூக்லரின் 'சின்னர்ஸ்' வந்ததே, கதை 1932-இல் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் நடக்கிறது. எடுத்தது லூசியானாவில். கிளார்க்ஸ்டேலிலோ படம் பார்க்க ஒரு தியேட்டர்கூட இல்லை. ஊர்க்காரர்கள் படக்குழுவுக்குப் பகிரங்கமாகக் கடிதம் எழுதி, இங்கே வந்து காட்டுங்கள் என்று கேட்டார்கள். மே மாதக் கடைசியில் ஊர்ப் பொது அரங்கில் திரை கட்டிக் காட்டினார்கள், கூக்லரும் நேரில் வந்தார். படத்தில் வரும், தங்கள் பாட்டன் பூட்டன் பாடிய ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் இசையைத் தங்கள் மண்ணிலேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். அந்த அக்கா இதைச் சொல்லும்போது குரல் தழுதழுத்தது.

சரி, எஞ்சின் விழும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு உனக்கு என்ன தோன்றியதென்று எழுது. இல்லை, ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நிதானமாகப் பேசலாம்.

அன்புடன்,
வசந்தி