சாம்பார் அண்டாவும் இடுப்புத் துப்பாக்கியும்: டெக்சாஸ் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு

அன்புள்ள நிர்வாகிகளுக்கு,

வணக்கம். போன பொங்கல் விழாவில் சாப்பாட்டு டோக்கன் வாங்கும் இடத்தில் நின்றவன் நான். சாம்பார் அண்டாவைத் தூக்குவதற்காக ஒரு நண்பர் குனிந்தார். ஜிப்பா மேலே ஏறியது. இடுப்பு உறையில் கைத்துப்பாக்கி. அப்பளத்துக்காக நின்றிருந்த ஒரு வாண்டின் கண்ணுக்கு நேர் உயரத்தில் இருந்தது அது. நண்பர் ஜிப்பாவை இழுத்துவிட்டுக்கொண்டு, "லைசென்ஸ் இருக்குண்ணா" என்று சிரித்தார்.

இருக்கலாம். என்னிடமும் இருக்கிறது, நானும் எடுத்துப்போகிறவன்தான். ஆனால் நாம் விழா நடத்தியது வாடகைக்கு எடுத்த உயர்நிலைப் பள்ளி அரங்கில். பள்ளி நிர்வாகத்தின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் பள்ளிக் கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுபோவது, டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 46.03-ன்படி 2 முதல் 10 ஆண்டு வரை சிறையும் 10,000 டாலர் வரை அபராதமும் கிடைக்கக்கூடிய குற்றம். அங்கே லைசென்ஸ் காப்பாற்றாது. அவர் அதைக் காரில் பூட்டிவிட்டு வந்திருக்கலாம். பார்க்கிங் லாட் அந்தக் 'கட்டட' வரையறைக்குள் வராது.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தற்காப்புக்காகச் சுட்டால், முதலில் பின்வாங்கப் பார்த்தாயா என்று 2007க்குப் பிறகு டெக்சாஸ் சட்டம் கேட்பதில்லை. ஆனால் இந்தச் சலுகைக்கு நிபந்தனைகள் உண்டு: நீங்கள் அங்கே இருக்க உரிமை உள்ளவராக இருக்க வேண்டும், சண்டையை நீங்கள் தூண்டியிருக்கக் கூடாது, அந்த நேரத்தில் குற்றச் செயலில் ஈடுபட்டிருக்கவும் கூடாது. தடை செய்த இடத்தில் துப்பாக்கியோடு நிற்பதே குற்றம். குடும்பத்தைக் காப்பாற்ற என்று நண்பர் எடுத்து வந்த பொருளே, காப்பாற்றிய பிறகு கோர்ட்டில் அவருக்கு எதிராகத் திரும்பும். அப்புறம், வெறும் வாய்ச் சண்டையைக் காட்டித் தற்காப்பு என்று சொல்லவே முடியாது. பார்க்கிங் இடத்துக்காக நம்மவர்கள் போடும் சத்தத்தைக் கேட்டவன் என்பதால் இதையும் சொல்லி வைக்கிறேன்.

2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத, 21 வயது நிரம்பியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப்போகலாம் என்று ஆனது. "இனிமே எதுவும் தேவையில்லை" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரே கொண்டாட்டம். ஆனால் அமெரிக்க மத்திய அரசின் பள்ளி வளாகச் சட்டம் மாறவே இல்லை. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி இருந்தால் அந்தச் சட்டத்தில் மாநில லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் குண்டுகளை எடுத்துவிட்டுப் பெட்டியில் பூட்டித்தான் கொண்டுபோக வேண்டும். நம் ஊர்களில் பள்ளியைக் கடக்காமல் மளிகைக் கடைக்குப் போக முடிகிறதா என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். மார்ச் மாதம் 'குடும்பத்தோடு ஷூட்டிங் ரேஞ்ச்' (துப்பாக்கி சுடும் பயிற்சி இடம்) என்று ஒரு அறிவிப்பு அனுப்பியிருக்கிறீர்கள். நம் உறுப்பினர்களில் எத்தனை பேர் எச்-1பி (வேலை), எச்-4 (அவர்கள் குடும்பத்தார்), எஃப்-1 (மாணவர்) விசாவில் இருக்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்க மத்திய சட்டப்படி இந்த விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. ஊரிலிருந்து விசிட்டர் விசாவில் வந்த அப்பா அம்மாவுக்கும் இது பொருந்தும். மாமனார் கையில் துப்பாக்கியைக் கொடுத்து ஒரு போட்டோ எடுத்து ஊருக்கு அனுப்பினால், அவருக்கும் சிக்கல். தெரிந்தே கொடுத்த மருமகனுக்கும் சிக்கல். 2022க்குப் பிறகு இதற்கு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. 2019இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கும் ஃப்ளோரிடாவில் ஒரு ரேஞ்சில்தான் தொடங்கியது. மாணவர் விசாவில் வந்து, படிப்பு நின்ற பிறகும் தங்கிவிட்ட ஓர் இளைஞர் அங்கே போய்ச் சுட்டிருந்தார்.

"வேட்டை லைசென்ஸ் வாங்கிட்டா போதும்" என்று ஒருவர் சொல்வார். வேட்டை லைசென்ஸ் உள்ள விசாக்காரருக்கு விலக்கு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் டெக்சாஸின் வருடாந்தர வேட்டை லைசென்ஸ் ஆகஸ்ட் 31 அன்று காலாவதியாகிவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலை அலமாரியில் இருக்கும் துப்பாக்கி குற்றப் பொருள். கிரீன் கார்டு உள்ளவர்கள் வைத்திருக்கலாம். ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் அவர்களையும் நாடு கடத்தலாம். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் இந்த விஷயத்தில் யாரும் இறங்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் பொறுப்பு உண்டு. குண்டு போட்ட துப்பாக்கியை 17 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு எட்டும் இடத்தில் அலட்சியமாக வைத்து, பிள்ளை அதை எடுத்துவிட்டால், துப்பாக்கியை அங்கே வைத்தவர் மேல்தான் வழக்கு. தலையணைக்கு அடியில் வைப்பவர்கள் கவனிக்கவும்.

ஆகவே, ரேஞ்ச் அறிவிப்பைத் திரும்பப் பெற்று, யார் வரக் கூடாது என்பதைத் தமிழிலேயே தெளிவாக எழுதி மறுபடி அனுப்புங்கள். பள்ளி அரங்கில் நடக்கும் விழா என்றால், அழைப்பிதழில் 'மதிய உணவு 12:30' என்று போடும் வரிக்குக் கீழே, துப்பாக்கியைக் கட்டடத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று ஒரு வரி சேருங்கள். சித்திரைத் திருநாள் அழைப்பிதழ் இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்று கேள்விப்பட்டேன்.

இப்படிக்கு,
அன்று அண்டாவின் மறுபக்கத்தைப் பிடித்த உறுப்பினன்