ஊரும் குடியிருப்பும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், ஊரிலிருந்தும் அகதிகள் குடியிருப்பிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். சங்கத்தின் கடந்த ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மழை வலுத்த இரண்டு மாதங்கள் தவிர மற்ற மாதங்களில் தவறாமல் கூடினோம். ஒரு மாதம் ஊரில், மறுமாதம் குடியிருப்பில் என்று கூட்டத்தை மாற்றி மாற்றி வைத்தது இந்த ஆண்டுதான். முன்பெல்லாம் குடியிருப்புப் பெண்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போவார்கள். அவர்கள் இடத்துக்கு நாம் போன பிறகுதான் வாய் திறந்தார்கள். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டு நம்மை அதிகம் அலைய வைத்தது தண்ணீர். குடியிருப்பு அமைந்தபோது ஓர் உதவி அமைப்பு உள்ளே அடிபம்பு போட்டுக் கொடுத்தது. ஊர்ப்பக்கம் ஒன்றும் போடவில்லை. ஊர்க் கிணறு வற்றியதும் நம் பெண்களும் குடத்தோடு அங்கே போய் நின்றார்கள். நெருக்கடிக் கால உதவிக்கு உலகெங்கும் பின்பற்றும் ஸ்பியர் அளவுகோலின்படி, ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் தண்ணீர் கிடைக்க வேண்டும். ஓர் அடிபம்பை நம்பி 500 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. வரிசையில் 30 நிமிடத்துக்கு மேல் நிற்க வைக்கக் கூடாது. நம் பம்படியில் காலை நேரத்தில் ஒன்றரை மணி நேரம் நின்றார்கள். சண்டை வராமல் எப்படி இருக்கும்?

அந்தப் பம்பும் ஒருநாள் நின்றுபோனது. அடித்தால் காற்றுதான் வந்தது. பிரித்துப் பார்த்தால், சிலிண்டருக்குள் இருக்கும் வாஷர் விளிம்பு பிய்ந்து, தேய்ந்த செருப்புத் துண்டு மாதிரி உள்ளங்கையில் கிடந்தது. இந்தச் சின்னச் சாமானுக்காக ஒன்பது நாள் எல்லோரும் தவித்தோம். பம்பு போட்டவர்கள் உதிரி பாகம் வைத்துவிட்டும் போகவில்லை, பழுது பார்க்க யாருக்கும் சொல்லித் தரவும் இல்லை. இப்போது ஊரில் ஒருவர், குடியிருப்பில் ஒரு பெண் என இரண்டு பேர் பம்பைக் கழற்றி மாட்டக் கற்றுக்கொண்டார்கள். வாஷரும் சங்கிலியும் போல்ட்டும் வைத்த பெட்டி அவர்கள் பொறுப்பில் இருக்கிறது.

இரண்டாவது பம்பு கேட்டபோது, 'நிதி அகதிகளுக்கு மட்டும்தான்' என்று பதில் வந்தது. உகாண்டாவைக் காட்டி வாதாடினோம். அங்கே 2006ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் அகதிகளுக்கு வேலை செய்யவும் நாட்டுக்குள் போய்வரவும் உரிமை தருகிறது. குடியிருப்பில் நிலத்துண்டும் உண்டு. அகதிகளுக்கு வரும் உதவியில் 30 சதவீதம் சுற்றியுள்ள ஊர்களுக்குச் சேர வேண்டும் என்பதையும் கொள்கையாக வைத்திருக்கிறார்கள். 2018இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற அகதிகள் உடன்பாட்டின் முதல் நோக்கமே புகலிடம் தரும் நாடுகளின் சுமையைக் குறைப்பதுதான். கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதி, கடைசியில் பம்பு கிடைத்தது. ஊருக்கும் குடியிருப்புக்கும் நடுவில் அதைப் போட இடம் விட்ட குடும்பத்துக்குச் சங்கத்தின் நன்றி.

விறகுப் பிரச்சினை இன்னும் தீரவில்லை. ரேஷனில் தானியமும் பயறும் வருகின்றன, அடுப்பெரிக்க ஒன்றும் வருவதில்லை. காய்ந்த பயறு வேக மணிக்கணக்காகும். அதனால் பெண்கள் ஊர்க்காட்டுக்குப் போகிறார்கள். ஊர்க்காரர்களுக்கோ இருக்கிற மரமும் போய்விடுமே என்ற கவலை, அதுவும் நியாயம்தான். ஒரு பெண்ணின் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். செயற்குழு போய்ப் பேசி அரிவாளை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. ஆனால் அவர் அதன் பிறகு விறகுக்குப் போகவில்லை. பத்து வயது மகளை அனுப்புகிறார். எனக்கு இது பெரிய வருத்தம். விறகு குறைவாகப் பிடிக்கும் மண் அடுப்புகளை இரு பக்கமும் கட்டிக் கொடுத்தோம், பயறை இரவே ஊறவைக்கச் சொன்னோம். கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பள்ளியில் இரு பக்கப் பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். பெஞ்சுதான் போதவில்லை.

ரேஷனை நம்பி மட்டும் இருக்க முடியாது. 2023இல் நிதி இல்லாமல் உலக உணவுத் திட்டம் பல நாடுகளில் அகதிகளின் பங்கைக் குறைத்தது நினைவிருக்கும். அதனால் வரும் ஆண்டில் விதையும் குத்தகை நிலமும் முதல் வேலை. நிலத்தை வாய்ப்பேச்சில் விடாமல் எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தி விளைய வைத்த பிறகு நிலத்தைத் திருப்பிக் கேட்டால், இத்தனை நாள் சேர்த்த நம்பிக்கை ஒரே நாளில் போய்விடும்.

விறகுத் தோப்புக்கு நிலம் தர இரண்டு ஊர்க்குடும்பங்கள் எழுதிய கடிதங்கள் தலைவரிடம் உள்ளன. நடுவது யார், காவல் யார், வெட்டும்போது பங்கு எப்படி என்பதை இன்றே பேசி முடிவெடுக்கவும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளவும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்