ஆறு கட்டங்களில் ஒன்று

லண்டன்
ஒக்டோபர் 20

அன்புள்ள கலா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று அறிந்து நிம்மதி. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த அன்று உன் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அழுததையும், வாசலில் சித்தியடைந்தவர்களின் படங்களோடு பதாகை கட்டியதையும் எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தேன். இந்த மாதம் நான் நடத்துகிற பாடமும் ஏறக்குறைய அதுதான்.

அரசின் கை குறைந்து சந்தையின் கை ஓங்க வேண்டும் என்கிற 'புதிய வலதுசாரிகள்' கல்வியையும் சந்தையாகப் பார்க்கும் வாதத்தைப் பன்னிரண்டாம் ஆண்டுக்கு நடத்திக்கொண்டிருக்கிறேன். 1955-ல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃபிரீட்மன் எழுதிய கட்டுரைதான் அதற்கு ஊற்று. கல்விக்கான செலவை அரசு ஏற்கட்டும், பாடசாலையை அரசே நடத்தத் தேவையில்லை. பெற்றோர் கையில் பாடசாலைச் செலவுக்கான வவுச்சரைக் கொடுத்தால் நல்ல பாடசாலையை அவர்களே தேடிக்கொள்வார்கள் என்றார். இதை நான் அலட்சியமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, கலா. வீட்டு முகவரிதான் பாடசாலையைத் தீர்மானிக்கும் என்றால், மோசமான பாடசாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கும் ஏழைப் பிள்ளைக்குப் போக்கிடமே இல்லை. அந்தக் கோபம் நியாயமானது.

இங்கிலாந்தில் தாட்சர் அரசு 1988-ல் சட்டம் கொண்டுவந்தது. பிள்ளை எங்கே சேர்கிறதோ அங்கே பணமும் போகும். 1992 முதல் பாடசாலைகளின் பரீட்சை முடிவுகள் பட்டியலாக வெளிவந்தன. பிறகு நடந்ததைச் சமூகவியலாளர் பிலிப் பிரௌன் ஒரே சொல்லில் சொன்னார்: பெற்றோராட்சி. பிள்ளையின் திறமையையும் முயற்சியையும் விட, பெற்றவர்களின் வசதியும் விருப்பமும் அதன் படிப்பைத் தீர்மானிக்கின்றன. ஷாரன் கெவிர்ட்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் லண்டன் பாடசாலைகளை ஆராய்ந்து 1995-ல் எழுதியதும் இதையே உறுதிசெய்தது. படித்த, வசதியான பெற்றோர் சேர்க்கை விதிகளைக் கரைத்துக் குடித்திருந்தார்கள். தேவைப்பட்டால் வீடே மாறினார்கள். உழைக்கும் வர்க்கத்துப் பெற்றோரில் பலருக்கு வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் பாடசாலை.

போன மாதம் எங்கள் பாடசாலையைப் பெற்றோருக்குத் திறந்து காட்டிய மாலையில் ஓர் அம்மா வந்திருந்தார். வேலைச் சீருடையைக் கூட மாற்றவில்லை. நான் தமிழ் பேசுவதைக் கேட்டதும் கைப்பையிலிருந்து விண்ணப்பத்தின் அச்சுப் பிரதியை எடுத்து நீட்டினார். லண்டனில் ஆறு பாடசாலைகள் வரை விரும்பிக் கேட்கலாம். அவர் ஒன்றை மட்டும் நிரப்பியிருந்தார். மற்ற ஐந்தும் வெறுமை. "நிறையக் கேட்டால் பேராசை என்று நினைக்கமாட்டார்களா, ரீச்சர்?" என்றார். அன்றிரவு எட்டரை மணி வரை அவரோடு உட்கார்ந்து மிச்சக் கட்டங்களை நிரப்பினேன். பரீட்சை வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைகளுக்காக நான்காம் ஆண்டிலேயே டியூசன் தொடங்கும் நம்மவர்களும் இங்கே இருக்கிறார்கள். இருவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

தேர்வு செய்வது பெற்றோர் மட்டுமில்லை, பாடசாலையும்தான். நான் முதலில் வேலை பார்த்த பாடசாலையில் ஆசிரியர் அறைச் சுவரில் மாணவர்களின் படங்களை ஒட்டியிருந்தார்கள். பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பரீட்சையில், கொஞ்சம் தள்ளிவிட்டால் டி-யிலிருந்து சி-க்கு ஏறக்கூடியவர்கள். ஐந்து பாடங்களில் சி-யோ அதற்கு மேலோ வாங்கியவர்களின் விகிதம்தான் அப்போது பட்டியலில் வரும் என்பதால், சனிக்கிழமை வகுப்பும் சிறு குழுப் பயிற்சியும் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும். கில்பார்ன், யூடெல் என்ற கல்வி ஆய்வாளர்கள் 2000-ல் இதைத்தான் எழுதினார்கள்: போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பிரிப்பதுபோல், தானாகத் தேறுபவர், உதவினால் தேறுபவர், கைவிடப்படுபவர் என்று பிரிப்பது.

என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். அவன் படம் அந்தச் சுவரில் இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மணி அடித்தபிறகு மேசையருகே வந்து, "மிஸ், நாளைக்கு நானும் வரலாமா?" என்று கேட்பான். நான்கு வாரம் இல்லை என்றேன். ஐந்தாவது வாரம் யாரிடமும் கேட்காமல் அவனை வரச் சொன்னேன். அந்த நான்கு வாரங்களுக்காக இன்றும் மனம் வலிக்கிறது.

உன் வகுப்பில் வெட்டுப்புள்ளி எட்டாத பிள்ளைகளோடு அடுத்த நாள் காலை என்ன பேசினாய்? அதை நீ எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது. பெயர் வேண்டாம், என்ன சொன்னார்கள் என்று மட்டும் எழுது. என் மாணவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
வசந்தி