கண்ணாடிக்கும் அளவு பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 31 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். அளவு ஜாக்கெட் இல்லாமல் வருகிறவர்களுக்கு டேப் வைத்து அளக்காமல் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. அப்படிப்பட்ட நான், தினமும் பத்து மணி நேரம் மூக்கில் உட்காரும் கண்ணாடியை அளவே பார்க்காமல் வாங்கிவிட்டேன்.

ஆடித் தள்ளுபடியில், லென்ஸுக்குப் பணம் கொடுத்தால் பிரேம் இலவசம் என்றார்கள். வெள்ளெழுத்துக்கு பவர் மாறியிருந்தது. சரி என்று எடுத்தேன். கடையில் போட்டுப் பார்த்தபோது கொஞ்சம் பிடித்தாற்போல்தான் இருந்தது. வீட்டில் மெஷினுக்கு முன்னால் குனிந்தால் மூக்கு நுனிக்கு வந்து நின்றது. திரும்பப் போய்ச் சொன்னேன். காதுக் கம்பி இரண்டையும் உள்பக்கமாக அழுத்தி இறுக்கிக் கொடுத்தார்கள்.

அன்றைக்குப் பிடித்தது வினை. மதியமானால் இரண்டு நெற்றிப் பொட்டிலும் விண் விண் என்று வலி. காதுக்குப் பின்னால் தொட்டாலே எரிச்சல். பிரஷரோ என்று பார்த்தேன், இல்லை. பவர் தப்போ என்று மறுபடி கண்ணைப் பரிசோதித்தேன், அதுவும் சரி. "கண்ணாடியைக் கழற்றினால் கால் மணி நேரத்தில் வலி போய்விடுகிறதே அம்மா" என்று கண்டுபிடித்துச் சொன்னது என் மகள்தான்.

மறுபடி கடைக்குப் போனால், "போடப் போட லூஸாகிவிடும்" என்கிறார்கள். இந்த வசனம் எனக்குப் புதிதில்லை. "ஒரு தடவை துவைத்தால் சரியாகிவிடும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன், துவைத்தால் பருத்தித் துணி சுருங்கத்தான் செய்யும் என்று தெரிந்தே.

அப்புறம் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார் என்று கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் போட்டேன். பிரேம் இளகியது உண்மை. லென்ஸின் மேல்பூச்சும் பாலாடை போலச் சுருங்கி வெடித்தது. யாரும் இதைச் செய்யாதீர்கள்.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் சிறிய கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் போனேன். கம்பியின் உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 48, 18, 135 என்று பொடி எழுத்தில் இருந்தது. முதல் எண் ஒரு லென்ஸின் அகலம், அடுத்தது மூக்கு இடைவெளி, கடைசி கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். என் பழைய கண்ணாடியில் 52, 18, 140. இரண்டு லென்ஸுக்குமாக எட்டு மில்லிமீட்டர் குறைவு, கால் இன்ச்சுக்கும் மேல்! ஜாக்கெட்டில் அவ்வளவு குறைந்தால் கொக்கி மாட்டாது.

இறுக்கினால் வழுக்காது என்பதும் தப்பாம். பிரேம் முகத்தைவிடக் குறுகலாக இருந்தால் கம்பிகள் அகன்று நின்று, ஈரப் புளியங்கொட்டையை இரண்டு விரலால் அழுத்தினால் பிதுங்கி ஓடுவது போல, கண்ணாடியை முன்னால் தள்ளும். வழுக்காமல் நிற்க வேண்டுமென்றால் கம்பி வளைகிற இடம் சரியாகக் காது மடலின் மேல் வர வேண்டும். என்னுடையது முன்னாலேயே வளைந்திருந்தது. அவர் சூடான காற்றில் கம்பியை மட்டும் காட்டி, வளைவைப் பின்னால் தள்ளி, கீலருகே கொஞ்சம் அகட்டினார். போடச் சொல்லி, குனியச் சொல்லி, மறுபடி கழற்றி வளைத்தார். மூன்று தடவை. முழுக்கச் சரியாகவில்லை, குறுகல் குறுகல்தானே. ஆனால் சாயங்காலம் வரை தாங்குகிறது.

கண்ணாடிக்கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கருவிழிக்குக் கருவிழி ஸ்கேல் வைத்து அளக்கிறீர்கள். நெற்றிப் பொட்டுக்குப் பொட்டு அகலத்தையும் ஒரு பார்வை பாருங்கள். கண்ணாடியைக் கொடுக்கும்போது குனிந்து நிமிரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு பவர் மாறாவிட்டாலும் தலை வளரும், போன வருட பிரேம் இந்த வருடம் இறுக்கிப் பிடிக்கும் என்று பெற்றோரிடம் சொல்லி அனுப்புங்கள்.

பழைய கண்ணாடியைத் தூக்கிப் போடவில்லை. டேப் வைக்கும் டிராயரில் இருக்கிறது. அடுத்த தடவை அளவு கண்ணாடி அதுதான்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரம்மா,
அருப்புக்கோட்டை