காய்ச்சல் விட்டதும் கணக்கு முடிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வைரஸ் நோய்களுக்கும் இதய, மூளை நோய்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் ஒருவரைப் பற்றிய செய்தியை உள்பக்கத்தில் நாலே வரியில் முடித்துவிட்டீர்கள். வீட்டுக்கு வீடு தெரிய வேண்டிய விஷயம் இது, இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம்.

காய்ச்சல் விட்டுவிட்டதா, சரி, வேலைக்குக் கிளம்பு என்றுதான் நம்மில் பலர் இருக்கிறோம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு கூடியிருந்தது. யாரோடு ஒப்பிட்டு என்றால், மாரடைப்பு வந்த அதே ஆட்களின் மற்ற நாட்களோடு! அதனால் அவர் புகைபிடிப்பவர், இவருக்குச் சர்க்கரை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது. உடம்பு கிருமியோடு போராடும்போது ரத்தக்குழாய்களிலும் அழற்சி ஏறுகிறது, உள்ளே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டு வெடிக்கலாம், ரத்தமும் சீக்கிரம் உறைகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ளவருக்கு இது போதாதா?

அப்புறம் கோவிட். ஜியாத் அல்-அலி என்ற மருத்துவ ஆராய்ச்சியாளரின் குழுவினர் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2022-ல் வெளியிட்டதைப் படித்தால் கவலையாகத்தான் இருக்கிறது. தொற்று வந்து ஒரு வருடம் வரையிலும் இதயச் செயலிழப்பு, பக்கவாதம் இரண்டும் அதிகம், அதுவும் ஆஸ்பத்திரியில் சேராமல் வீட்டிலேயே தேறியவர்களிடமும் இதய நோய்கள் கூடியிருந்தன.

மூளை விஷயத்தில் என்னை அசத்தியது பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டு ஆய்வு. அங்கே அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் ஊசி, அதற்கு முந்தைய நாள் பிறந்திருந்தால்கூடக் கிடையாது என்று விதி. ஒரு வாரம் முன்னே பின்னே பிறந்தவர்களுக்குள் வேறு என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? இந்த இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அடுத்த 7 வருடத்தில் மறதி நோய் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தது (2025-ல் வெளியானது). சின்னம்மை போன பிறகும் அந்த வைரஸ் நரம்புகளில் வருடக்கணக்காகத் தூங்கிக் கிடந்து, பிறகு விழித்துத்தான் அக்கியாக வருகிறது என்பதை நினைத்தால், எவ்வளவு காலத்தைத் தாண்டி ஆராய்ச்சியாளர்கள் தேட வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

காய்ச்சல் வந்தவர்கள் எல்லோருக்கும் மாரடைப்பு வரும் என்று பயமுறுத்தச் சொல்லவில்லை. பெரும்பாலானோர் நன்றாகவே தேறிவிடுகிறார்கள். ஆனால் இதய நோயாளிகள் ஃப்ளூ ஊசி பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும், மருத்துவர்களும் நெஞ்சுவலி என்று வருபவரிடம் "சமீபத்தில் காய்ச்சல் இருந்ததா?" என்று தவறாமல் கேட்க வேண்டும். காய்ச்சல் வந்த வாரத்தில் நெஞ்சு அடைத்தாலோ, வாய் கோணினாலோ, கை தளர்ந்தாலோ "அசதிதான்" என்று படுத்துக்கொள்ளாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையாவது அடுத்த காய்ச்சல் சீசனுக்கு முன்னால் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்